வீட்டை முதுகில் சுமப்பதா, பின்னால் இழுப்பதா?

போகிற வழியில் தங்கவும் சமைக்கவும் ஓர் அறையைக் கூடவே கொண்டுபோக விரும்புகிறவரிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தால், அவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று டிரக் கேம்பர். பிக்கப்பின் பின்தளத்தில் கச்சிதமாக உட்காரும்படி செய்த சிறு அறை அது. நான்கு மூலைகளிலும் ஜாக்கி இருக்கும். தேவையில்லாத நாட்களில் ஜாக்கிகளை இறக்கி அறையை அவற்றின் மேல் நிறுத்திவிட்டு, வண்டியை அடியிலிருந்து முன்னால் எடுத்துக்கொள்ளலாம். மற்றது டிராவல் டிரெய்லர். தனக்கென்று அச்சும் சக்கரங்களும் உள்ள அறையை வண்டியின் பின்கொக்கியில் மாட்டி இழுத்துப் போவது. சினிமா படப்பிடிப்புத் தளங்களில் நாம் பார்த்துப் பழகிய கேரவன் பெரும்பாலும் இந்த இரண்டிலும் சேராது. அதில் முழு வண்டியையே அறையாகக் கட்டியிருப்பார்கள்.

இந்தக் கேள்வி ஏறத்தாழ ஒரே காலத்தில் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு எழுந்தது. அமெரிக்காவில் சியாட்டிலுக்கு வெளியே குடியிருக்கும் என் தம்பி, பிள்ளைகளின் கோடை விடுமுறைக்காக இப்படி ஒன்றை வாங்க நினைத்தான். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் என் மருமகன், தம்மிடமுள்ள இரட்டைக் கேபின் பிக்கப்பை வைத்துக்கொண்டு இங்கேயே இதைச் செய்ய முடியுமா என்று யோசித்தார். நாகர்கோவில் ராணித்தோட்டத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் அச்சுக்கும் பிரேக்குக்கும் நடுவிலேயே என் வேலைக்காலம் கழிந்ததால், இருவரும் என்னிடம் வந்தார்கள். இருவருக்கும் நான் சொன்ன முடிவு வேறு வேறு. ஆனால் இருவரிடமும் முதலில் கேட்டது ஒன்றைத்தான்: ஏற்றப் போகிற எடை எவ்வளவு, அது வண்டியின் எந்த அச்சில் இறங்கப் போகிறது?

பெரும்பாலானவர்கள் இந்த இடத்திலிருந்து தொடங்குவதில்லை. கட்டில் எத்தனை பேருக்கு, குளிர்பெட்டி உண்டா, கழிவறை தனியாக இருக்கிறதா என்று பார்த்து மனத்தைக் கொடுத்துவிட்ட பிறகே வண்டி அதைத் தாங்குமா என்று கேட்கிறார்கள். தாங்கும் என்ற பதில் வேண்டும் என்ற ஆசையோடு கேட்கும்போது, அப்படிச் சொல்லவும் யாராவது ஒருவர் கிடைத்துவிடுகிறார். தம்பியும் தொலைபேசியில் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் பேசினான். “அண்ணா, எஞ்சின் பவருக்குக் குறையே இல்ல, எதக் கட்டினாலும் இழுத்துரும்” என்றான். “இழுக்கது இருக்கட்டும் மக்கா, இறக்கத்துல நிக்குமா? அதச் சொல்லு” என்றேன். எஞ்சினின் வலிமை ஏற்றத்தில் தெரியும். வண்டியின் தகுதியைக் காட்டுபவை பிரேக்கும் டயரும் அச்சும் ஸ்பிரிங்கும்தான். பணிமனைக்குக் கட்டி இழுத்து வரப்பட்ட வண்டிகளில் எஞ்சின் வலுவில்லாமல் விபத்தில் சிக்கிய ஒன்றை நான் பார்த்த நினைவில்லை.

அமெரிக்காவில் விற்கும் பிக்கப்பின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் மஞ்சள் பட்டை போட்ட ஓர் ஒட்டி இருக்கும். பயணிகளும் சுமையும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கான எண் அதில் அச்சாகியிருக்கும். விளம்பரத்தில் சொல்லப்படும் சுமைத்திறன் அந்த வகை வண்டியின் உச்ச அளவு; ஒட்டியில் இருப்பது இந்த வண்டி ஆலையிலிருந்து வெளிவந்த நிலைக்கான அளவு. இரண்டுக்கும் இடையே பல நேரம் பெரிய வித்தியாசம் இருக்கும். தம்பியின் வண்டி அங்கே பெயரளவில் அரை டன் என்று சொல்லப்படும் வகையைச் சேர்ந்தது. அதன் ஒட்டியில் இருந்த எண் 1,600 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 725 கிலோ. அவன், மைத்துனி, வளர்ந்த இரண்டு பிள்ளைகள், கையோடு கொண்டுபோகும் பைகள் எல்லாம் சேர்ந்து 270 கிலோ. மீதி 455 கிலோ.

அவன் ஆசைப்பட்டது டிரக் கேம்பர். கூரையை மேலே உயர்த்தி மடக்கும் வகையில் எளிமையானதை எடுத்துக்கொண்டாலும் வெற்று எடையே 500, 600 கிலோவைத் தொட்டுவிடும். முழுக்கச் சுவர் கட்டி, கழிவறையும் வைத்ததென்றால் 1,000 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். விற்பனைத் தாளில் காட்டப்படுவது உள்ளே எதுவும் ஏற்றாத எடை. அதன் மேல் தண்ணீர் வரும். லிட்டருக்கு ஒரு கிலோ என்று கணக்கு வைத்தால் 30 அமெரிக்க கேலன் தொட்டி நிறைந்ததும் 114 கிலோ கூடிவிடும். பிறகு எரிவாயு உருளை, பேட்டரி, பாத்திரம், படுக்கை, மளிகை. ஒழுங்கான டிரக் கேம்பரை ஏற்ற அங்கே முக்கால் டன், ஒரு டன் வகைகளும், பெரியவற்றுக்குப் பின்னச்சில் இரட்டைச் சக்கரமுள்ள பிக்கப்பும் வேண்டியிருப்பது இதனால்தான். அவன் வண்டியில் குடும்பத்தை இறக்கிவிட்டுக் கேம்பரை மட்டும் ஏற்றினால்கூட எடை ஒட்டியில் உள்ள எண்ணை முட்டி நிற்கும்.

எடையின் அளவோடு இடமும் முக்கியம். கேம்பரின் பக்கச்சுவரில் அதன் ஈர்ப்புமையம் எங்கே இருக்கிறது என்று குறி போட்டிருப்பார்கள். பிக்கப் செய்யும் நிறுவனமும் அந்தக் குறி தளத்தின் எந்த எல்லைக்குள் விழ வேண்டும் என்பதை வண்டியோடு எழுதித் தர வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டரசு விதி சொல்கிறது. குறி பின்னச்சுக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் போனால் முன்சக்கரங்கள் தரையில் அழுந்துவது குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும். ஸ்டியரிங் லேசாக இருப்பது சுகம் என்று நினைக்கும் ஓட்டுநர்களை நான் அறிவேன். மழை பெய்த சாலையில் ஒரு வளைவில் அந்தச் சுகத்தின் விலை தெரியும்.

டிரெய்லருக்கு வருவோம். எடையைத் தன் சக்கரங்களே சுமப்பதால் வண்டிக்குப் பாரமில்லை என்று எண்ணத் தோன்றும். அது முழு உண்மையல்ல. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியின் மேல் இறங்க வேண்டும். அந்த எடை முழுவதும் பிக்கப்பின் சுமைக்கணக்கில் சேரும். சுமையேற்றிய நிலையில் 5,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2,270 கிலோ வரும் டிரெய்லர் கொக்கியில் 270 கிலோ போல் அழுத்தும். தம்பி குடும்பத்தின் 270 கிலோவையும் கொக்கி அமைப்பின் 40 கிலோவையும் சேர்த்தால் 580. ஒட்டியில் உள்ள 725க்குள் இது அடங்கும். இழுவைத்திறன் என்று விளம்பரத்தில் போடும் பெரிய எண்ணை நம்பி இதைவிட இரண்டு மடங்கு டிரெய்லர் வாங்குகிறவர்கள், வண்டியின் இழுவைத்திறன் தீருவதற்கு முன்பே சுமைத்திறன் தீர்ந்துவிடும் என்பதைக் கவனிப்பதில்லை.

கொக்கியில் ஏன் இவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டும் என்று தம்பி கேட்டபோது, கோட்டாறு சந்தைக்குத் தேங்காயும் உப்பும் ஏற்றி வந்த மாட்டு வண்டிகளை அவனுக்கு நினைவுபடுத்தினேன். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும்; பின்பாரம் ஆகிவிட்டாலோ நுகத்தடி மேலே எழும்பிக் கயிறு கழுத்தை இறுக்கும். வண்டிக்காரர் மூட்டைகளை முன்னும் பின்னும் தள்ளி, நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவார். டிரெய்லரிலும் பின்பாரம்தான் பெரிய ஆபத்து. கொக்கியில் அழுத்தம் குறைந்த டிரெய்லர் ஒரு லாரி கடந்து போகும் காற்றிலேயே பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். வேகம் கூடக் கூட அந்த ஆட்டம் தானாகவே வளர்ந்து, கடைசியில் டிரெய்லர் வண்டியை ஆட்டும் நிலைக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. வேகத்தைக் கூட்டி நேராக்கவும் முயலக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாகக் கையால் இயக்கும் விசையை மெல்ல அழுத்த வேண்டும். பின்னால் இழுபடுவது நின்றால் முன்னால் போவது தானே நேராகும்.

அந்தத் தனி பிரேக்கும், கொக்கி கழன்று போனால் டிரெய்லரின் பிரேக்கைத் தானாகப் பிடிக்கச் செய்யும் இணைப்பும், குறுக்காக மாட்டும் இரண்டு சங்கிலிகளும் இல்லாத டிரெய்லரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடக் கூடாது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். டயரையும் பார்க்கச் சொன்னேன். டிரெய்லருக்கென்று செய்யும் டயர்களில் பல மணிக்கு 65 மைல் வேகத்துக்கே தகுதி பெற்றவை. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு உச்ச வேகம் 55 மைல், நம் கணக்கில் 88 கிலோமீட்டர். மற்ற கார்கள் கடந்து போகட்டும். அவசரப்பட அங்கே ஒன்றுமில்லை.

அவர்கள் குடும்பம் பயணம் செய்யும் விதமும் டிரெய்லருக்கே பொருந்தியது. ஓரிடத்தில் நாலைந்து இரவு தங்கி, பகலில் சுற்றுப்புறத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். டிரெய்லரை முகாமிலேயே கழற்றி நிறுத்திவிட்டு வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம்; டிரக் கேம்பரில் பால் வாங்கப் போனாலும் வீடு கூடவே வரும். மொன்டானாவில் உள்ள கிளேசியர் தேசியப் பூங்காவுக்குப் போவது அவர்களின் நெடுநாள் ஆசை. அங்கே மலைமுகட்டைக் கடக்கும் ‘கோயிங் டு த சன்’ சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமும், கண்ணாடிகளோடு சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமும் உள்ள வண்டிகளுக்கு அனுமதியில்லை. முகட்டுக்கு மேற்கே பாறைகள் சாலையின் மேல் நீண்டிருப்பதால் 10 அடிக்கு மேல் உயரமானவையும் சிரமப்படும். டிரக் கேம்பர் சின்னது, எங்கும் போகும் என்று சொல்கிறவர்கள் இந்தச் சாலையின் எண்களைப் பார்க்க வேண்டும். சுவர் வைத்த பெரிய கேம்பரை ஏற்றிய பிக்கப் பின்னால் நீண்டும் மேலே உயர்ந்தும் நிற்பதால் இந்த அளவுகளை எளிதில் மீறிவிடும். தம்பியின் பிக்கப் மட்டும் 20 அடிக்குள் அடங்கும். இழுவைக்காக நீட்டிய பக்கக் கண்ணாடிகளை உள்ளே மடக்கிக்கொண்டு அவர்கள் தாராளமாக ஏறிப் போகலாம். அவன் டிரெய்லர் வாங்கினான்.

இனி நம் பக்கம்.

மருமகன் டிரெய்லரைத்தான் முதலில் விரும்பினார். பிக்கப்பின் தளம் வியாபாரத்துக்கு வேண்டும், அதில் கைவைக்காமல் பின்னால் ஒன்றை மாட்டிக்கொண்டால் போதாதா என்பது அவருடைய நியாயம். நியாயம் சரியானதுதான். ஆனால் குமரி மாவட்டத்தின் சாலையை அந்த நியாயம் கணக்கில் எடுக்கவில்லை. 1,672 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் மலையும் குளமும் தோப்பும் கடலும் நெருக்கியடித்து நிற்கும் மாவட்டம் இது. களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை ஓர் ஊர் முடிந்து மறு ஊர் தொடங்குகிற இடத்தைக் காட்ட முடியாது. வீடும் மதிலும் கடையுமாகவே சாலையின் இருபுறமும் போகும். பிரதான சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் கருங்கல் மதில், நடுவில் ஒரு வண்டிக்கு மட்டும் இடம், எதிரே ஆட்டோ வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்தாக வேண்டும். பிக்கப்பும் நடுத்தர டிரெய்லரும் சேர்ந்தால் 10 மீட்டருக்குக் குறையாது. அதாவது நம் டவுன் பஸ்ஸின் நீளம். ஆனால் பஸ் நடுவில் மடங்காது, இது மடங்கும்.

டிரெய்லரைப் பின்னால் எடுப்பது பழகிய லாரி ஓட்டுநரையும் முதலில் திணறடிக்கும். வண்டியின் பின்பக்கம் வலது பக்கம் போனால் டிரெய்லர் இடது பக்கம் திரும்பும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்துக்கொண்டு, டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துவது ஒரு நல்ல வழி. முழுக்க ஒடித்துவிட்டால் டிரெய்லரின் முன்மூலை வண்டியின் பின்மூலையில் வந்து இடிக்கும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஒடிக்க வேண்டும். அகன்ற முகாம் திடலில் இதைப் பழகலாம். திற்பரப்புக்குப் போகும் சாலையில், பின்னால் மூன்று பைக்கும் ஒரு மினி பஸ்ஸும் ஹாரன் அடிக்கும்போது பழக முடியாது.

மருமகன் போக ஆசைப்படும் இடங்கள் வால்பாறை, கொல்லிமலை, மூணாறு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. வளைவில் டிரெய்லரின் சக்கரங்கள் வண்டியின் சக்கரத்தடத்தில் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதற்கு இடம் விட வண்டியை எதிர்ப்பாதைக்குள் கொண்டுபோய்த் திருப்ப வேண்டும். எதிரே இறங்கி வரும் பஸ்ஸுக்கும் அதே இடம்தான் வேண்டும். பஸ்ஸின் ஓட்டுநர் இருக்கையிலிருந்து யோசித்துப் பழகியவன் என்பதால் எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை. மலைச்சாலையில் ஒரு குடும்பத்தின் உல்லாசத்துக்காக ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் வண்டி பின்னால் எடுக்க நேர்ந்தால் அது முறையல்ல.

காற்றும் இருக்கிறது. வடக்கே எங்கு போனாலும் பெரும்பாலும் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகத்தான் போக வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் மலைகளுக்கு இடையே நெருக்கப்பட்டு வரும் காற்று முப்பந்தல் பக்கம் ஆயிரக்கணக்கான காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அந்தக் காற்று ஓடுகிற வண்டியின் பக்கவாட்டில் அடிக்கும். உயரமான அறையை முதுகில் சுமக்கும் பிக்கப் அதில் சாயும். நீளமான டிரெய்லர் அதில் ஆடும். இரண்டுக்குமே நல்லது கூரை தாழ்ந்திருப்பது. ஓடும்போது கூரை கேபினின் உயரத்தோடு மடங்கியிருந்து, நிறுத்திய பிறகு மேலே உயரும் வகையை மருமகனுக்கு நான் சொன்னதற்கு முதல் காரணம் இந்தக் கணவாய்தான்.

நின்றபின் என்ன என்பதையும் பேசியாக வேண்டும். அமெரிக்க முகாம்களில் மின்சாரமும் தண்ணீரும் இணைத்துக்கொள்ளலாம். கழிவுத் தொட்டியைக் காலி செய்யத் தனி இடமும் பல முகாம்களில் உண்டு. களியக்காவிளைக்கு அப்பால் கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையை அறிவித்து, அதன் பிறகு வாகமணில் ஒரு கேரவன் பூங்காவும் வந்தது. அப்படிப்பட்ட பூங்காக்கள் வழிநெடுக இருந்தால் டிரெய்லரைக் கழற்றி நிறுத்துவதில் பொருள் உண்டு. இப்போதைக்கு நம் பக்கம் இரவு தங்குவது தெரிந்தவர் தோட்டத்திலோ, அனுமதி கேட்டு ஒரு விடுதியின் வளாகத்திலோதான். பேச்சிப்பாறைக்கு மேலே காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டியை நிறுத்தித் தங்குவதைப் பற்றிப் பேச்சே கிடையாது. கழிவறை வேண்டுமென்றால் கையில் தூக்கிப்போய்க் காலி செய்யும் பெட்டி வகைதான் சரி. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து செப்டிக் டேங்கில் ஊற்ற வேண்டும். ஆற்றோரத்திலும் ஓடையோரத்திலும் திறந்துவிடுகிறவர்களுக்கு இந்த வண்டியே வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். பட்டறையில் இரும்புச் சட்டம் வெல்டு வைத்துச் சக்கரம் மாட்டி, வீட்டு உபயோகத்துக்குத்தானே என்று சாலையில் இறக்க முடியாது. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களோடு மாறுபடும்படி வண்டியில் மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. முழு வண்டியையே கேரவனாகக் கட்டுவதற்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரநிலை இருக்கிறது. ஆகவே எந்த வழியானாலும் வரைபடத்தோடு முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு, பிறகு பட்டறைக்குப் போக வேண்டும். இதற்கு நாளாகலாம், ஆகட்டும். காப்பீட்டு நிறுவனம் விபத்துக்குப் பிறகு கேட்கப்போகும் கேள்வியை விபத்துக்கு முன்பே நாம் கேட்டுக்கொள்வது அது. ஓடும் வண்டியில் பின்னறைக்குள் யாரும், ஒரு குழந்தைகூட, இருக்கக் கூடாது என்பதையும் மருமகனிடம் உறுதி வாங்கிக்கொண்டேன்.

இத்தனைக்கும் பிறகு அவருக்கு மிஞ்சியது தளத்தில் ஏற்றி இறக்கும் சிறு அறை. வியாபார நாட்களில் அறை வீட்டு ஷெட்டில் ஜாக்கிகளின் மேல் நிற்கும். தளம் ரப்பர் ஷீட்டுக்குக் கிடைக்கும். டிரெய்லரால் அவர் எதிர்பார்த்த வசதியும் இதுதானே. குலசேகரத்து மண் மழையில் ஊறினால் ஜாக்கியின் கால் உள்ளே இறங்கிவிடும் என்பதால் நான்கு கால்களுக்கும் கீழே தடித்த பலகையோ சிமென்ட் மேடையோ வேண்டும்.

எடைக்கு வந்தோம். இரட்டைக் கேபின் பிக்கப்பில் ஆட்களுக்கு இடம் கூடுவதால் தளத்துக்கு இடம் குறைகிறது. இவர் வண்டியின் தளம் ஐந்தடி நீளம்கூட இல்லை. ஆளொருவர் நீட்டிப் படுக்க வேண்டுமென்றால் அறை பின்னால் இரண்டடி வெளியே நீள வேண்டும், அல்லது படுக்கை கேபினின் கூரைக்கு மேல் போக வேண்டும். வெளியே நீளும் ஒவ்வொரு கிலோவும் நெம்புகோலில் தொங்குவதுதான். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே 3 மீட்டர் உள்ள வண்டியில், பின்னச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 100 கிலோவைத் தொங்கவிட்டால் பின்னச்சில் 133 கிலோ கூடும். முன்னச்சில் 33 கிலோ குறையும். காகிதத்தில் இதை நான் எழுதிக் காட்டியபோது மருமகன் மரியாதைக்குத் தலையை ஆட்டினார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனவே எடைமேடைக்குப் போனோம்.

அறை 450 கிலோ வரும் என்று கணக்கிட்டு அதே எடைக்கு ரப்பர் ஷீட் கட்டுகளை ஏற்றினோம். நீளப்போகும் இரண்டடிக்குத் தளத்தின் கடைசியில் பலகைகளைக் கயிற்றால் பிணைத்து, அதன் மேலும் கட்டுகளை வைத்தோம். தண்ணீர்த் தொட்டிக்கும் பேட்டரிக்கும் பதிலாக நின்ற 90 கிலோ, பட்டறைக்காரர் வரைந்து தந்த படத்தில் இருந்தபடியே, பின்கதவை ஒட்டி இருந்தது; காலி செய்யவும் நிரப்பவும் வசதி என்று அவர் அங்கே வைத்திருந்தார். முதலில் முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் ஏறும்படி நிறுத்தினோம். சுமையில்லாமல் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டால் 45 கிலோ குறைந்திருந்தது. பிறகு அந்த 90 கிலோவைத் தூக்கிக் கேபினை ஒட்டிய முன்சுவருக்குக் கொண்டுபோனோம். வண்டியை மீண்டும் ஏற்றி நிறுத்தினோம். குறைந்த 45 கிலோவும் முன்னச்சுக்குத் திரும்பி வந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பில் எரிந்த எண்ணை மருமகன் இரண்டு தரம் குனிந்து பார்த்தார். “ஒரு சாமானத்த எடத்த மாத்தினதுக்கா மாமா இவ்வளவு?” என்றார். ஆமாம், ஒரு சாமானை இடம் மாற்றியதற்குத்தான்.

முழு வண்டியையும் மேடையில் ஏற்றி எடுத்த மொத்த எடை, குடும்பத்தோடு சேர்த்துப் பார்த்தாலும், ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்குக் கீழே நின்றது. பின்னச்சில் இறங்கும் எடையை டயரில் பொறித்த சுமைக்குறியோடும் ஒப்பிட்டுக்கொண்டோம். எடைமேடையில் அச்சு அச்சாக எடுப்பதற்குக் கூடுதலாகச் சில நிமிடமும் சிறு கட்டணமும் ஆகும்; டிரெய்லருக்கும் இதே மேடைதான். வீட்டிலேயே கொக்கியின் அழுத்தத்தைப் பார்க்க, குளியலறை எடைக்கருவியின் மேல் கொக்கியின் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை நிறுத்தி அதில் டிரெய்லரின் மூக்கை இறக்கிப் பார்க்கலாம். அந்தக் கருவி தாங்கும் அளவுக்குள் இருக்கும் சிறு டிரெய்லருக்கு மட்டுமே அது சரிவரும்.

அறையை எதில் செய்வது என்பதில் எனக்கும் பட்டறைக்காரருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. அவர் இரும்புச் சட்டமும் பிளைவுட்டும் என்றார். இந்த மாவட்டத்தில் தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழை. கடற்காற்றின் உப்பு வேறு. மூலையிலும் ஜன்னல் ஓரத்திலும் ஒரு சிறு இடுக்கு கிடைத்தால் போதும், தண்ணீர் பிளைவுட்டுக்குள் இறங்கும்; வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மரம் ஊறிப் பிட்டுப் பிட்டாக வரும். அமெரிக்காவில் ஸ்கேம்ப் என்ற நிறுவனம் 13 அடி டிரெய்லரை ஃபைபர் கிளாஸில் மேல் பாதி, கீழ்ப் பாதி என்று வார்த்து நடுவில் ஒட்டிச் செய்கிறது; மூட்டு குறைவதால் ஒழுகும் இடமும் குறைகிறது. அந்தக் கைவேலை தெரிந்தவர்களைத் தேடி நாம் எங்கும் போக வேண்டாம். நம் கடற்கரையில் ஃபைபர் படகு வார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கடலலையில் நாள்தோறும் அடிபடும் படகையே வார்ப்பவருக்கு ஒரு சிறு அறையின் கூட்டை வார்ப்பது கடினமல்ல. சோத்தவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் பேசினோம். அவர் முதலில் கேட்ட கேள்வியே எனக்குப் பிடித்திருந்தது: தளத்தில் எங்கெங்கே கட்டப் போகிறீர்கள், இழுவை எந்தப் பக்கம் வரும் என்று கேட்டார். கட்டும் இடத்தில் ஃபைபர் துணியின் அடுக்கைக் கூட்டி, உள்ளே பலகை வைத்து வார்க்க வேண்டும் என்று அவரே சொன்னார்.

கட்டுவதற்கு நான்கு மூலைகளிலும் திருகி இறுக்கும் கம்பிகள். அவற்றைத் தளத்தின் மெல்லிய தகட்டில் மாட்டக் கூடாது. கீழே சேசிஸில் பிடிமானம் கொடுக்க வேண்டும். அறைக்கும் தளத்துக்கும் நடுவே தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் அறை நழுவாது. குலசேகரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. அலுவலகத்தில் கொடுத்த வரைபடத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. பதில் வந்த பிறகே அறையை வார்க்கத் தொடங்குவது என்று படகுப் பட்டறைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். வார்த்து முடித்ததும் ரப்பர் கட்டுகளுக்குப் பதிலாக அறையையே ஏற்றி, தொட்டியில் தண்ணீர் நிறைத்து, குடும்பம் முழுவதும் கேபினுக்குள் உட்கார்ந்த நிலையில் அதே எடைமேடையில் அச்சு அச்சாக மறுபடி எடுக்க வேண்டும். முதல் ஓட்டம் ஆரல்வாய்மொழி வரை. அங்கே நிறுத்தி நான்கு கம்பிகளையும் மறுபடி இறுக்கிவிட்டு, டயரின் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு போவது.